குழம்பில் குறைத்தது ஊறுகாயில் ஏறியது

அடுக்களைக் கேள்வி – பதில்

போன மாதம் ரத்த அழுத்தத்தைப் பற்றி, அப்பளம் மாதிரி உப்புப் பண்டங்களைக் குறையுங்கள் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு அப்புறம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி உப்பைப் பற்றித்தான். ஆகவே அல்வா பதம், முந்திரிக்கொத்துப் பாகு பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் பெண்பிள்ளைகளுக்கு மனையியல் நடத்தியவள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்குத் தினமும் சமைத்துப் போடுகிறவள். அவ்வளவுதான் என் தகுதி.

டீச்சர், என் மாமியாருக்கு பிரஷர். ஆறு மாதமாகக் குழம்பு, பொரியல் எல்லாவற்றிலும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். போன வாரம் பார்த்தால் பிரஷர் அப்படியே நிற்கிறது. வீட்டில் உப்பைக் குறைக்கவே இல்லையோ என்று டாக்டரம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். எங்கிருந்துதான் வருகிறது இந்த உப்பு?
— வாசகி, வள்ளியூர்

அதே முழியை நானும் முழித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு பிரஷர் என்று தெரிந்த அன்று ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்து, அதன்மேல் பேனாவால் தேதி எழுதினேன். மீன் கழுவ, கண்ணேறுக்குச் சுற்றிப் போட, ஊறுகாய் போட எல்லாம் தனிச் சட்டியில் கல்லுப்பு. இந்தப் பாக்கெட் அன்றாடச் சமையலுக்கு மட்டும். வீட்டில் இரண்டே பேர். பாக்கெட் 50 நாளில் தீர்ந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 5 கிராமுக்குள்; தலை தட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் காலைக் காப்பிக்குக் கடிக்கும் பிஸ்கட்டிலிருந்து ராத்திரி மோர் வரைக்கும் எல்லாம் சேர்த்து.

சரி, கையைச் சுருக்கினேன். அடுத்த பாக்கெட் 78 நாள் வந்தது. ஆளுக்கு ஆறரை கிராமுக்கும் கீழே! பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் இம்மியும் இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. உப்பு பத்தலை என்று வாய் திறக்காமல் மனுஷர் சாப்பிடுகிறாரே, இது அவர் குணமில்லையே என்று எட்டிப் பார்த்தேன். தட்டு ஓரத்தில் எலுமிச்சங்காய் ஊறுகாய், முன்பு சுண்டுவிரல் அளவு இருந்தது, இப்போது ஒரு சின்னக் குன்று. சோற்றை அதில் தொட்டு, அப்புறம் குழம்பில் தொட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குழம்பில் எடுத்ததை அவர் ஊறுகாயில் ஈடு கட்டிவிட்டார்.

அன்றைக்கு அவர் வாயில் போட்டதையெல்லாம் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தபால் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று என்னிடம் உண்டு. ஊறுகாய் 15 கிராம். அதை நான் போட்ட அளவுப்படி நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு உப்பு. குறைந்தால் பூசணம் பிடித்துவிடும். ஆக, அதிலேயே 1.8 கிராம் உப்பு. இரண்டு அப்பளம். சாயங்காலம் ஒரு கை காராச்சேவு. காலையில் நாலு பிஸ்கட். பாக்கெட்டில் போட்டிருந்த சோடியத்தை உப்பாக மாற்றிக் கூட்டினால் எல்லாமாக 3.6 கிராம். உப்பு ஜாடியிலிருந்து ஆறரை, ஜாடிக்கு வெளியிலிருந்து மூன்றரை. ஜாடியில் கையைச் சுருக்கியும் மொத்தக் கணக்கு பத்திலேயே நின்றது.

இன்னொன்றையும் நிறுத்தேன். நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து ஆட்டி, நான் கைக்கணக்கில் போடும் உப்பு 24 கிராம். அந்த மாவில் 60 இட்லி. இட்லிக்கு 0.4 கிராம், நாலு இட்லிக்கு 1.6. அதற்கு மேல் சாம்பார் ஒரு கரண்டி, தேங்காய்ச் சட்டினி, எண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடி. எல்லாவற்றிலும் தனித்தனியே உப்பு. காலைப் பலகாரம் முடிவதற்குள் மூன்று கிராமுக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. யாரும் அதை உப்புப் பண்டம் என்று நினைப்பதில்லை. இட்லிதானே, ஆவியில் வெந்ததுதானே என்கிறோம்.

இப்போது உங்கள் அடுக்களைக்கு வாருங்கள். புளியை வருஷத்துக்கு வாங்கிக் கொட்டை எடுத்து, பானையில் கல்லுப்புப் போட்டு அடைத்து வைக்கிற வழக்கம் உண்டா? அந்தப் புளியைக் கரைக்கும்போதே உப்பும் கரைகிறது. அதற்கு மேல் வழக்கமான அளவு போடுகிறோம். பாக்கெட் இஞ்சி பூண்டு விழுதில் உப்பு உண்டு. கறி மசாலாப் பாக்கெட்டுகள் பலவற்றில் உப்பு சேர்த்தே வருகிறது. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி தனியாக வாங்கினால் அந்தத் தொந்தரவு இல்லை. சுண்டவத்தல், மிதுக்கவத்தல், மோர்மிளகாய் எல்லாம் உப்பில் குளித்து வெயிலில் காய்ந்தவை. கடையில் வாங்கும் இட்லி மாவில் சமையல் சோடா சேர்ப்பவர்கள் உண்டு. அந்தச் சோடா நாக்கில் கரிக்காது. ஆனால் அதன் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சோடியம். கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும், கீரை பச்சையாக இருக்கட்டும் என்று நாமே ஒரு சிட்டிகை போடுகிறோமே, அதுவும் அதே கணக்குத்தான். வாயுவுக்குத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் பொடியும், புஸ்ஸென்று பொங்கிக் கரையும் மாத்திரைகள் பலவும் சோடா உப்பால்தான் பொங்குகின்றன. உங்கள் மாமியார் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தினமும் குடிக்கிற ஆளா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே சட்டம்: ஒரு வேளைக்கு ஒரு உப்புப் பண்டம். ஊறுகாய் வந்தால் அப்பளம் வராது. அப்பளம் வந்தால் மோர்மிளகாய் வராது. எதை வேண்டுமானாலும் அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தடை சொன்னால் ஒளித்துத் தின்பார்கள். தேர்ந்தெடுக்கச் சொன்னால் நியாயமாக இருப்பார்கள். நாற்பது வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மாமியாரை ஒரு நாள் முழுக்கக் கவனித்து, சாப்பிட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். பிரஷர் இறங்காததற்கு உப்பைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அதை அவர்தான் பார்க்க வேண்டும். தாள் கையில் இருந்தால் உங்கள் மேல் சந்தேகம் வராது.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சோடியம் என்று போட்டிருக்கிறதே, அதை உப்புக்கணக்கில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.
— வாசகர், சங்கரன்கோவில்

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டுங்கள்: சோடியம் 400 மில்லிகிராம் என்றால் உப்பு ஒரு கிராம். அவ்வளவுதான் வாய்ப்பாடு. 2000 என்றால் ஐந்து கிராம். ஒரு ஆளின் ஒரு நாள் கோட்டா முடிந்தது.

பாக்கெட்டின் பின்பக்கம் கட்டம் கட்டிய அட்டவணை இருக்கும். அதில் நூறு கிராமுக்கு என்று ஒரு வரிசை, ஒரு பரிமாறலுக்கு என்று ஒரு வரிசை. நூறு கிராம் வரிசையைத்தான் பார்க்கச் சொல்லுங்கள். பரிமாறல் என்று அவர்கள் வைத்திருப்பது 20 கிராமோ 30 கிராமோ. மிக்சர் பாக்கெட்டைப் பிரித்து 20 கிராமோடு மடித்து வைக்கிற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. நூறு கிராமுக்கு 120 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் நம் நாட்டு உணவு விதிப்படி ‘சோடியம் குறைவு’ என்று போட்டுக்கொள்ள முடியும். 600-ஐத் தாண்டினால் நான் அதை உப்புப் பண்டம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன், அது இனிப்பாகவே இருந்தாலும்.

இனிப்பாகவே இருந்தாலும் என்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருமுனைக் கடையில் நின்று ஒரு தித்திப்பு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எறும்பு சைஸ். மூக்குக்கண்ணாடி போட்டும் தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 600-ஐத் தொடவில்லைதான், ஆனாலும் பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு 350 இருந்தது. நாக்குக்குத் துளி கரிக்கவில்லை. சர்க்கரை உப்பை மறைத்துவிடுகிறது. மாவு பொங்கப் போட்ட சோடா வேறு. ரஸ்க், பன், ரொட்டி எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு துண்டில் கொஞ்சம்தான் என்றாலும், காய்ச்சல் வந்தவருக்கு மூன்று வேளையும் ரொட்டி என்கிறபோது கூடிவிடுகிறது.

இன்னொரு பட்டியல், சேர்மானம். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். உப்பு என்ற சொல் மூன்றாவது நாலாவது இடத்திலேயே வந்துவிட்டால் யோசியுங்கள். அப்புறம் எண்கள்: 500 என்பது சமையல் சோடா வகை, 621 அஜினமோட்டோ வகை, 627, 631, 635 சுவைகூட்டிகள், 211 ஊறுகாயிலும் சாஸிலும் போடும் பாதுகாப்புப் பொருள். எல்லாவற்றிலும் சோடியம் உண்டு. ஆனால் இந்த எண்களைத் தேடித் தேடிப் பயப்பட வேண்டாம். அத்தனையும் சேர்ந்துதான் அட்டவணையில் சோடியம் என்ற ஒரே எண்ணாக வரும். அதைப் பார்த்தால் போதும். 621-ல் சோடியம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு, சாதாரண உப்பில் முப்பத்தொன்பது. 621 இல்லை என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பின்பக்கம் உப்பை அள்ளிப் போட்டிருந்தால் யாருக்கு லாபம்?

கல்லுப்பு, இந்துப்பு இரண்டும் உடம்புக்கு நல்லது, பாக்கெட் தூள் உப்புதான் கெடுதல் என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

உப்பளத்து ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! (தூத்துக்குடி 1986-ல் தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும் எங்களுக்கு நீங்கள் நெல்லைச் சீமைதான்.) கடலில் விளைந்தாலும் மலையில் வெட்டினாலும் உப்பு உப்புதான். இந்துப்பில் சிவப்பாகத் தெரிகிற தாது மிகச் சிறிது. மற்றதெல்லாம் அதே சோடியம் குளோரைடு. கல்லுப்பில் ஒரே ஒரு வசதி உண்டு. கற்களுக்கு இடையில் இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனில் தூள் உப்பை விட எடை குறைவாகப் பிடிக்கும். கை அளவில் போடுகிறவர்களுக்கு அது தன்னையறியாமல் கொஞ்சம் குறைக்கும். நிறுத்துப் போட்டால் அந்த வசதியும் இல்லை.

அயோடினைப் பாருங்கள். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிட விற்கக்கூடாது என்று 2006-லிருந்து நாடு முழுக்கத் தடை இருக்கிறது. கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இதில் விளையாட வேண்டாம்.

எங்கள் ஊர் அப்பளத்தைப் போய் உப்புப் பண்டம் என்று எழுதிவிட்டீர்களே!
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

கோபம் புரிகிறது. உங்கள் ஊர் அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் விரிகிற அழகை நின்று பார்த்தவள்தான் நானும். என்ன செய்ய, உளுந்துமாவைப் பிசையும்போது உப்பும் விழுகிறது, அப்பளக்காரமும் விழுகிறது. அந்தக் காரம் சோடியம் சேர்ந்த காரம். பெயரில் உப்பு இல்லாததால் ஏமாந்துவிடுகிறோம். எங்கள் ஆச்சி பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவாள், காரத்தைப் பேருக்குப் போடுவாள். நாலு தரம் உலக்கையால் இடித்து மாவை இளக்குவாள். அந்த வேலைக்கு இப்போது எந்த வீட்டில் ஆள் இருக்கிறது?

நான் வழி ஒன்று சொல்கிறேன். அப்பளத்தை வைக்கிற அன்று கூட்டிலோ பொரியலிலோ உப்பே போடாதீர்கள். அப்பளத்தை நொறுக்கிக் கூட்டில் பிசைந்தால் உப்பு அங்கே வந்து சேர்ந்துவிடும். எண்ணெயில் பொரித்தாலும் தணலில் சுட்டாலும் உப்பில் மாற்றமில்லை; சுட்டால் எண்ணெய் மிச்சம், அவ்வளவுதான்.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துவிடுமா?
— வாசகி, களக்காடு

இழுக்காது. குழம்பைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், அதோடு உப்பும் கிழங்குக்குள் போகும். அந்தக் கிழங்கையும் நீங்கள்தானே தின்னப் போகிறீர்கள்? தேங்காய்ப் பாலோ வெந்த பருப்போ உப்பில்லாமல் சேர்த்து அளவைக் கூட்டுங்கள். பாதியை நாளைக்கு எடுத்து வையுங்கள்.

உப்பைக் குறைத்துச் சமைத்தால் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். ஆஸ்பத்திரிச் சாப்பாடா என்கிறார். ருசி கெடாமல் குறைக்க வழி உண்டா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

உண்டு, ஆனால் அவசரப்படக் கூடாது. ஒரே நாளில் பாதியாக்கினீர்கள் இல்லையா? அதுதான் தப்பு. நானும் அப்படிச் செய்துதான் ஊறுகாய்க் குன்றை வளர்த்தேன். இரண்டாம் தடவை, வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று பைய இறக்கினேன். நாக்கு பழகச் சில வாரங்கள் எடுக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். பழகிய பிறகு கல்யாண வீட்டுச் சாம்பார் கரிக்கிறது என்று இப்போது அவரே முகத்தைச் சுளிக்கிறார்.

அப்புறம் எந்தக் குழம்பு என்பது முக்கியம். நம் சமையலில் ஒரு சங்கிலி உண்டு: புளி கூடினால் உறைப்பு கூட வேண்டும், இரண்டும் கூடினால் உப்பு கூட வேண்டும். புளிக்குழம்பில் உப்பைக் குறைத்தால் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும்; தட்டு தள்ளப்படும். அதனால் உப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், புளியிலிருந்து ஆரம்பியுங்கள். எலுமிச்சை அளவை நெல்லிக்காய் அளவாக்குங்கள். உப்பு தானாக இறங்க இடம் கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் புளியில்லாக் குழம்பு வையுங்கள்.

நம்மிடம் சொதி இருக்கிறதே! மறுவீட்டுக்கு மட்டும்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? தேங்காய்ப் பாலின் இனிப்பு, சிறுபருப்பு, இஞ்சிச் சாறு, இறக்கிய பிறகு பிழிகிற எலுமிச்சை. நான் காய்களை இரண்டாம் பாலில் வேகவிடும்போது உப்பே போடுவதில்லை. முதல் பால் விட்டு, கொதி வராமல் இறக்கி, எலுமிச்சை பிழிந்த பிறகு ருசி பார்த்துப் போடுவேன். முன்னால் போட்ட அளவில் பாதி போதுமாக இருக்கிறது. புளிப்பு கடைசியில் ஏறினால் நாக்கு உப்பைத் தேடுவது குறைகிறது. முன்னாலேயே போட்டுவிட்டு, கடைசியில் பார்த்தால் பத்தலை போலத் தோன்றி, மேலும் போடுவதுதான் நம் கை. ஒரு எச்சரிக்கை: சொதிக்குத் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வைப்போம். துவையல் இருக்கட்டும், வறுவலைப் பாக்கெட்டில் வாங்காமல் வீட்டில் உப்பில்லாமல் பொரியுங்கள்.

உளுந்தம்பருப்புச் சோறு பொங்கினால் சோற்றில் உப்பு, எள்ளுத் துவையலில் உப்பு, அவியலில் உப்பு. நான் சோற்றில் விட்டுவிட்டேன். எள்ளைச் சிவக்க வறுத்து, பூண்டு கொஞ்சம் கூட வைத்து அரைத்தால் துவையலே சோற்றுக்கும் சேர்த்து உப்புக் கொடுக்கும். காணத் (கொள்ளு) துவையலுக்கும் அப்படித்தான். பொரியலுக்கு மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்டு, தேங்காயைக் கையோடு துருவிப் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, சாப்பாட்டு மேசையில் இருக்கிற உப்புக் குப்பியை எடுத்து அடுக்களைக்குள் வையுங்கள். எழுந்து போய் எடுத்து வரச் சோம்பல் படுகிற ஜாதி ஆம்பளைகள். அந்தச் சோம்பலை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரூமில் தங்கிப் படிக்கிறேன். ராத்திரி பரோட்டா, இல்லாவிட்டால் நூடுல்ஸ். வயது இருபது. எனக்கு உப்பைப் பற்றிக் கவலை வேண்டுமா?
— வாசகர், பேட்டை

தம்பி, கடிதம் எழுதியதாலேயே உனக்குப் பாதி கவலை வந்துவிட்டது. 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றில் 840 மில்லிகிராம் சோடியம் போட்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. பெரும்பகுதி அந்தக் குட்டி மசாலாப் பொட்டலத்தில்தான். பாதிப் பொட்டலம் போட்டு, முட்டையும் கேரட்டும் வெங்காயமும் சேர்த்துக் கிண்டு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மசாலாவைக் கடைசியில் போடு. பரோட்டாவுக்குச் சால்னாவை மேலே ஊற்றச் சொல்லாதே, கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிடு. இலையில் குளம் கட்டினால் கடைசிச் சொட்டு வரை வழித்துவிடுவாய்; எனக்கும் ஒரு மகன் இருந்தான் உன் வயதில். இப்போது அவனுக்கு நாற்பது, அவனும் மாத்திரை.

கருவாடு சாப்பிடலாமா? கடல் மீனே உப்புத்தானே?
— வாசகி, உவரி

கடல் மீன் சதையில் உப்பு அதிகமில்லை. கடல் உப்பு உடம்புக்குள் தங்காமல் வெளியேற்றுகிற ஏற்பாடு மீனுக்கு உண்டு. பச்சைச் சாளையோ நெத்திலியோ தாராளமாகச் சாப்பிடுங்கள். கருவாடு கதையே வேறு. உப்புதான் அதைக் கெடாமல் காப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தரம் தண்ணீர் மாற்றுங்கள். முதல் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், அப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்காது. ஊறினாலும் உப்பு முழுக்கப் போகாது. ஆகவே குழம்பில் தனியாக உப்பு வேண்டாம். கத்தரிக்காய், மாங்காய் நிறையப் போட்டு, கருவாட்டை வாசனைக்கு வையுங்கள். பிரஷர்காரர் இருக்கிற வீட்டில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் போதும்.

சென்னையிலிருந்து மகன் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று ஒரு பாக்கெட் வாங்கி அனுப்பியிருக்கிறான். போடலாமா? நான் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறேன்.
— வாசகர், தென்காசி

பிரிக்காமல் வையுங்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். பொதுவாகப் பெரியவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். உலக சுகாதார நிறுவனம்கூட 2025 ஜனவரியில் வீட்டு உப்புக்குப் பதில் இதைப் போடலாம் என்று யோசனை சொன்னது. ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் வெளியேறாமல் தடைபடுகிற நிலையில் உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது. டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. அதற்கு மேல் பொட்டாசிய உப்பும் சேர்ந்து ரொம்பக் கூடினால் இதயத் துடிப்பையே குலைக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால் போடுங்கள். மகன் அக்கறையாகத்தான் அனுப்பியிருக்கிறான், அவனைத் திட்டாதீர்கள்.

எங்கள் ஆச்சிக்கு எண்பது வயது. கிறுகிறுப்பாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்றார்கள். இப்போது வீட்டில் எல்லாரும் ஆச்சிக்கு உப்பை அள்ளிப் போடுகிறார்கள். பிரஷரும் இருக்கிறது. எது சரி?
— வாசகி, சேரன்மகாதேவி

ஆஸ்பத்திரியில் சொன்னது ரத்தத்தில் இருக்கிற சோடியத்தின் அளவை. குழம்பில் உப்பு பத்தாததால்தான் அது இறங்கியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதானவர்களுக்கு நீர் பிரிய வைக்கிற மாத்திரையால் இறங்கலாம், வாந்தி பேதியால் இறங்கலாம், உடம்பில் தண்ணீர் அதிகம் தங்கினாலும் இறங்கலாம். காரணத்துக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் மாறும். சிலருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள், சிலருக்கு மாத்திரையை மாற்றுவார்கள், சிலருக்கு உப்பே கொடுப்பார்கள். நாமாக அள்ளிப் போட்டாலும் தப்பு, பிரஷருக்கு நல்லது என்று நாமாக அடியோடு நிறுத்தினாலும் தப்பு.

இந்த வாரமே ஆச்சியின் மாத்திரைச் சீட்டு அத்தனையையும் ஒரு பையில் போட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறாள், நீர் மாத்திரை எப்போது விழுங்குகிறாள், கஞ்சி வேண்டாம் என்று தள்ளுகிறாளா, நேற்றுக் கேட்டதை இன்று மறக்கிறாளா, இதையும் சொல்லுங்கள். அதுவரைக்கும் ஆச்சிக்கு முன்னால் எப்படிச் சமைத்தீர்களோ அப்படியே சமையுங்கள். கிறுகிறுப்பு கூடினாலோ, பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, மறுநாள் காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே ஆட்டோ பிடியுங்கள்.